ஓட்டுநருடன் பேசாதீர்கள்

பாலம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று திருஞானம் காரில் ஏறி உட்கார்ந்ததுமே முடிவு செய்துவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியா, மகள் வீடு, அங்கே போய் அவள் கையால் ஒரு வாய் காப்பி வாங்கிக் குடித்துவிட்டால் அப்புறம் அப்பன் என்கிற விறைப்பெல்லாம் எங்கே நிற்கும். இந்தப் பக்கம் சிங்கப்பூர், இது யார் வீடும் இல்லை, விமானம் இறங்கின ஊர் அவ்வளவுதான், பஞ்சாயத்துப் பேசத் தோதான பொது இடம். பேசவேண்டியதும் மலையளவு இல்லை. போதும் தையலு, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஊரோட வந்துரு. இந்த ஒரு வரியைத்தான் மாயவரத்தில் மனைவி பட்டம்மாள் பதினைந்து நாளாக அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், சோறு போடும்போது ஒரு தடவை, பாய் விரிக்கும்போது ஒரு தடவை, கூட்டிக்கிட்டு வராம வாசப்படி மிதிக்காதீங்க என்று திருச்சிக்குக் கிளம்பும்போது கடைசியாக ஒரு தடவை. மகன் முத்துக்குமரன் மாடி அறைக்கு வெள்ளையடித்து மின்விசிறி மாட்டிவிட்டான், அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியும் வைத்துவிட்டான். நியாயம்தானே. மாப்பிள்ளை லெட்சுமணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்து இரண்டரை வருஷம் ஆகிறது, எட்டு வயசுப் பெண்பிள்ளை அமுதினியை வைத்துக்கொண்டு கடல் தாண்டிய ஜோகூர் பாருவில் ஒருத்தி தனியாகக் கிடந்தால் பெற்றவர்களுக்குக் கண் மூடுமா. பள்ளிக்கூட ஆபீஸ் ஒன்றில் வேலை என்று போனில் சொல்கிறாள். என்ன ஆபீஸ், என்ன வேலை என்று கேட்டால், 'அதான்ப்பா, பிள்ளைங்களைப் பாத்துக்கிற மாதிரி' என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறாள். திருப்பத் தெரிந்தவள்தான், சின்ன வயசிலிருந்தே.

"பெல்ட்டப் போடுங்கப்பா" என்றாள் தையல்நாயகி. போட்டுக்கொண்டார். "பக்கத்து வீட்டு அக்காவோட காடி. இன்னைக்கு லீவுன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்." காரைக் காடி என்கிறாள், பன்னிரண்டு வருஷத்தில் இந்த ஊர் நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. பசியாறிட்டீங்களாப்பா என்றுதான் முதல் வார்த்தையே கேட்டாள், சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை, நல்லாத்தான் இருக்கிறது அந்த வார்த்தை, கேட்கும்போதே பாதி வயிறு நிறைகிறது. எஞ்சினைப் போட்டாள். போட்டதும் எடுத்துவிடவில்லை, ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்தாள், தலைக்கு மேலே இருந்த கண்ணாடியை ஏறிட்டுப் பார்த்தாள், உதடு லேசாக அசைந்தது, சாமி கும்பிடுகிறாள் போல, வைத்தீஸ்வரன்கோயில் அம்மன் பெயரை வைத்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லாமல் போகுமா, அப்புறம்தான் முதல் கியர். திருஞானம் அந்தக் கண்ணாடியைக் கவனித்தார். கீழே இறங்கியிருந்தது. பின்னால் வருகிற ரோடு பாதிதான் தெரியும், மிச்சப் பாதியில் பின் சீட்டு, அவருடைய பெட்டியும் பட்டம்மாள் கட்டிக் கொடுத்த முறுக்கு மூட்டையும் தெரிகின்றன. தப்பு. முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் மாயவரத்துக்கும் சிதம்பரத்துக்கும் ஸ்டீயரிங் பிடித்தவருக்கு இந்தத் தப்பைக் கண்டுபிடித்ததில் கொஞ்சம் சந்தோஷம்கூட. பார், கண்ணாடி வைக்கத் தெரியவில்லை, இவள் எப்படி எல்லை தாண்டி ஓட்டப் போகிறாள் என்று நினைத்தார், நினைத்து முடிப்பதற்குள் அவருடைய வலது கால் காரின் தரையை ஓங்கி மிதித்தது, ஏனென்றால் வண்டி நிறுத்தத்தின் மாடியிலிருந்து இறங்குகிற பாதை ஜிலேபி மாதிரி சுற்றிச் சுற்றி இறங்கியது. அங்கே பிரேக் இல்லை. அவருக்குத் தெரியும் அங்கே பிரேக் இல்லையென்று. ஆனாலும் கால் கேட்க வேண்டுமே, ரிட்டயர் ஆனது மனுஷன்தான், கால் இன்னும் டியூட்டியில் இருக்கிறது. தையல் பிரேக்கைத் தொடவே இல்லை. இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினின் பிடியிலேயே வண்டியை இறக்கினாள், மூன்று சுற்றும் ஒரே வேகம், மூட்டைக்குள் ஒரு முறுக்குகூட நொறுங்கியிருக்காது. திருஞானம் காலை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

சும்மா சொல்லக்கூடாது, கை சுத்தமாக இருக்கிறது. கை என்று நினைத்ததும் தன் கையைப் பார்த்துக்கொண்டார். விமானம் விட்டு இறங்கி வந்த இடத்தில் ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் விரலை வை என்றார்கள், வைத்தார், ரேகை விழவில்லை, இன்னொரு விரல், விழவில்லை, பின்னால் நின்றவர்கள் வேறு வரிசைக்கு மாறினார்கள், அப்புறம் ஒரு ஆள் வந்து அவரைத் தனியாக ஒரு மேசைக்குக் கூட்டிப் போய் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டி அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் விட்டார். மாயவரம் ரேஷன் கடையிலும் இதே கூத்து, பெரியவரே உங்களுக்கு ரேகையே இல்ல, வீட்டுல அம்மாவ அனுப்புங்க என்று விரட்டுவான். ஸ்டீயரிங் தின்றுவிட்டது. பவர் ஸ்டீயரிங் எல்லாம் கடைசி ஆறு வருஷம்தான், அதற்கு முன்னால் கொள்ளிடம் திருப்பத்தில் வண்டியைத் திருப்புவதென்றால் எருமையைக் கொம்பில் பிடித்துத் திருப்புவது மாதிரி, உள்ளங்கை காய்த்து, விரல் நுனி வழுக்கை விழுந்து, தலையும் வழுக்கை விழுந்து, வலது கை மட்டும் ஜன்னல் வெயிலில் வெந்து கறுத்துப்போய், இடது கை ஒரு நிறம் வலது கை ஒரு நிறம். ரெண்டு ஆளோட கைய ஒருத்தருக்கு வச்சுத் தச்சுட்டாங்க என்று பட்டம்மாள் கேலி பண்ணுவாள். எல்லா டிரைவருக்கும் அப்படித்தான், டெப்போவில் சட்டை கழற்றி நின்றால் கண்டக்டர் யார் டிரைவர் யார் என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். "அந்தப் பக்கமும் விரல் வைக்கணுமாம்மா?" என்று கேட்டார். "வைக்கணும்ப்பா. ரெண்டு ஆள்காட்டி விரலும்." "விழலன்னா?" "விழும்ப்பா. நான் இருக்கேன்ல." நான் இருக்கேன்ல என்று இவள் சொல்கிறாள். அதை அவர் சொல்லத்தான் இத்தனை தூரம் பறந்து வந்திருக்கிறார்.

சரி, இதுதான் சமயம், ஆரம்பித்துவிடலாம் என்று தொண்டையைக் கனைத்தார். ரோடு அகலமாக, கழுவித் துடைத்த மாதிரி இருந்தது, இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள், நம்மூர் மரம்தான், ஆனால் இங்கே யாரோ தினம் எழுப்பிக் குளிக்க வைக்கிற மாதிரி பளிச்சென்று நின்றன. வண்டிகள் அவரவர் கோட்டுக்குள் ஓடின, ஒரு ஹாரன் இல்லை, முப்பத்தோரு வருஷம் ஹாரன் அடித்தே பிழைத்த மனுஷனுக்குக் காது வெறிச்சென்று இருந்தது, இப்படியும் ஒரு ரோடு இருக்குமா, இதில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தன் பழைய வண்டியை விட்டு ஓட்டிப் பார்த்திருந்தால். வாயைத் திறந்தார். கண் முன்னால் மஞ்சள் பெயின்ட்டில் எழுதின அந்த வரி வந்து நின்றது, அவர் தலைக்கு நேர் மேலே, ஒவ்வொரு வண்டியிலும், வண்டி மாறினாலும் வரி மாறாது, ஓட்டுநருடன் பேசாதீர்கள். அந்த வரியைக் காட்டி அவர் எத்தனை பேரை அடக்கியிருக்கிறார். பானெட்மேல் உட்கார்ந்துகொண்டு மகள் கல்யாணக் கதை சொல்ல வந்த வாத்தியாரை, ரோடு சரியில்லை என்று ஆரம்பித்த கவுன்சிலரை, ஏன், ஒரு தடவை பட்டம்மாளையே. ஏங்க, பால்காரன் என்று அவள் தொடங்கினாள், விரலைத் தூக்கி அந்த எழுத்தைக் காட்டினார், ஒரு வாரம் வீட்டில் அவருக்குப் பேச்சும் கிடைக்கவில்லை பாலும் கிடைக்கவில்லை. ஓட்டுகிறவரிடம் பேசக்கூடாது என்றால் பேசக்கூடாதுதான். அதுவும் இந்த மாதிரி பேச்சை. மனசு ஒரு நொடி ஆடினால் கை ஆடும், கை ஆடினால் வண்டி ஆடும். வண்டி எங்கேயாவது நிற்கட்டும், நின்றதும் சொல்லிவிடலாம்.

வண்டி நிற்கிற வழியாக இல்லை. தையல் இரண்டாவது தடத்தில் போய்க்கொண்டிருந்தாள், லாரி ஒன்று தடம் மாற நினைப்பதை அதன் விளக்கு மினுக்குவதற்கு முன்பே தெரிந்துகொண்டு காலை எடுத்து இடம் விட்டாள். எப்படித் தெரிந்துகொண்டாள்? முன் சக்கரத்தைப் பார்த்துத்தான். டிரைவர் விளக்கை மறப்பான், சக்கரம் மறக்காது, லேசாகக் கோட்டுப் பக்கம் மூக்கை நீட்டும். இதை அவருக்குத் தெரிந்து டெப்போவில் நாலு பேர்தான் பார்ப்பார்கள். இவளுக்கு யார் சொன்னது? மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்திருப்பார், லெட்சுமணனும் பள்ளிக்கூட வேன் ஓட்டினவர்தானே, பெண் கேட்டு வந்தபோது அதைச் சொல்லித்தான் அவருக்குப் பிடித்துப்போனது, நம்ம தொழில், பிள்ளைகளை ஏற்றுகிற கை, நிதானமாக இருக்கும் என்று. அப்பன் சொல்லிக் கொடுக்கவில்லை, அது நிச்சயம். அப்பன் என்ன செய்தான் என்பதுதான் ஊரறிந்த கதை ஆயிற்றே. தையலுக்குப் பதினாலு வயது, டெப்போவுக்குச் சாப்பாட்டுக் கூடை கொண்டுவந்தவள், அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கால் எட்டவில்லை. இரண்டு கையையும் அகலமாக விரித்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பின்னால் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள், காலி வண்டியில். கூட நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் அவருக்குக் கோபம் ஏறியது, பிள்ளைமேல் இல்லை. கையைப் பிடித்து இழுத்து இறக்கினார், பொட்டப்பிள்ளை உக்கார்ற எடமா இது என்றார், அவள் கூடையை வாங்கிக்கொண்டு போனாள், அழவில்லை, அழுதிருந்தால் அவர் மறந்திருப்பார். அதற்குப் பிறகு அவள் அவர் பஸ்ஸில் எத்தனையோ தடவை வந்திருக்கிறாள், பின் சீட்டில்தான் உட்காருவாள்.

சொல்லிக் கொடுத்ததெல்லாம் முத்துக்குமரனுக்கு. அந்த மகாராஜன் லைசென்ஸ் ஆபீசில் எட்டுப் போடச் சொன்னால் வேலிக்குள் போய் நின்றான், அடுத்த தடவை ஆபீசர் ஸ்கூட்டர்மேலேயே ஏற்றினான், மூன்றாவது தடவை யாரோ பாவப்பட்டுப் பாஸ் போட்டார்கள். நல்ல பையன், பாசக்காரன், அக்காவுக்காக மாடி அறைக்கு வெள்ளையடித்தவன், ஆனால் அவன் ஓட்டுகிற வண்டியில் திருஞானம் ஏறினால் கந்தர் சஷ்டி கவசம் முதல் வரியிலிருந்து ஆரம்பித்து விடுவார். இப்போது அவன்தான் போனில் மெசேஜ் போட்டிருக்கிறான், விமான நிலையத்தில் தையல் இந்த ஊர் சிம் கார்டு மாற்றிக் கொடுத்த உடனே அவர் சட்டைப் பைக்குள் வந்து விழுந்தது, 'அக்காட்ட பேசிட்டியாப்பா. அம்மா கேக்குது.' திரும்பவும் ஒன்று, 'பேசிட்டியா.' பேசலடா. வண்டி ஓடிக்கிட்டிருக்கு. உனக்கு அது புரியாது.

கடைசியில் வண்டி நின்றது. உட்லண்ட்ஸ் என்று போர்டு வந்ததும் நின்றது, எல்லைக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும்போதே நின்றது, லீவு நாள், சிங்கப்பூரே சோறு வாங்க ஜோகூருக்குக் கிளம்பின மாதிரி காருக்குப் பின்னால் கார். இடது ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டே இருந்தன, ஆயிரம் இருக்கும், பத்தாயிரம் இருக்கும், மழைக்கோட்டை முன்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஆணும் பெண்ணும், தினம் விடியுமுன் எழுந்து ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்து சமைத்துச் சாப்பிடுகிற சனங்களாம், தையல் சொன்னாள். சீர்காழிக்கு வேலைக்குப் போய் வருவதையே ஒரு பெரிய பாடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது, என்ன மனுஷர்கள், என்ன துணிச்சல். சரி, வண்டி நிற்கிறது, பேசலாம். ஆனால் வண்டி நின்றது என்று சொன்னால் முழுசாக நிற்கவில்லை, பத்தடி நகரும், நிற்கும், பத்தடி நகரும், நிற்கும், இந்த மாதிரி நேரத்தில்தான் டிரைவரின் குணம் தெரியும். பாதிப் பேர் கிளட்சைப் பாதி மிதித்தே பிடித்துக்கொண்டிருப்பார்கள், சோம்பேறித்தனம், கிளட்ச் தட்டு கருகுகிற வாடை வரும். தையல் ஒவ்வொரு தடவையும் நியூட்ரலுக்குத் தள்ளினாள், கைப்பிரேக்கை இழுத்தாள், காலை எடுத்து ஓய்வாக வைத்தாள். நகரும்போது மறுபடி கிளட்ச், மறுபடி கியர். ஒரு மணி நேரம், எண்பது தடவை இருக்கும், ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. இடையில் புகுந்த காருக்குக்கூட வழி விட்டுக் கையைத் தூக்கினாள். இப்படி ஒரு நிதானம் இரண்டு மூன்று மாசத்தில் வராது. இதற்கு நாள்கணக்கில் நெரிசலில் கிடந்திருக்க வேண்டும். ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஈ மாதிரி வந்து உட்கார்ந்தது, விரட்டினார், திரும்ப வந்து உட்கார்ந்தது.

பேசத்தான் இல்லை. பேச வாய் எடுத்தபோதெல்லாம் நெஞ்சுக்குள் ஒரு கை வந்து அவர் வாயைப் பொத்தியது, அது வேறு யார் கையும் இல்லை, அவருடையதுதான். லெட்சுமணன் செத்த அன்றைக்கு இந்த அப்பனிடம் பாஸ்போர்ட் இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் பூமியை எத்தனையோ சுற்றுச் சுற்றுகிற தூரம் வண்டி ஓட்டின ஆளிடம், எல்லையைத் தாண்ட ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை. யார் யாரையோ பிடித்தார், அவசரமென்று அழுதார், நடக்கவில்லை. முத்துக்குமரனின் போனில், கையகலக் கண்ணாடியில், மகள் புருஷனுக்குக் கொள்ளி வைப்பதை மாயவரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், படம் நடுநடுவே உறைந்து உறைந்து நின்றது. அன்று இரவு தையல் கூப்பிட்டு, 'பரவால்லப்பா, நீங்க வந்திருந்தாலும் என்ன பண்ணியிருக்க முடியும், படுத்துத் தூங்குங்க' என்று அவருக்கு ஆறுதல் சொன்னாள், அவள். அதற்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட் இது. இரண்டு வருஷம் பீரோவில் கிடந்து நேற்று ராத்திரி திருச்சியில்தான் முதல் முத்திரை வாங்கியிருக்கிறது. வர வேண்டிய நாளில் வராத அப்பன், எல்லாம் ஆறி அடங்கி அவள் எழுந்து நின்ற பிறகு வந்து, போதும் வா என்று எந்த முகத்தோடு கூப்பிடுவது. ஆனாலும் கூப்பிடாமல் போனால் பட்டம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது. தனியாக இருக்கிறாளே. ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் இருக்கிறார்கள். விழுந்தால் தூக்க ஆள் வேண்டாமா. இந்தப் பயம் பொய் இல்லை, இது அவர் எலும்பு வரைக்கும் போன பயம், மகளைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்பதுதான் அவருக்குப் புரியாத சங்கதி.

சிங்கப்பூர்ச் சாவடியில் இரண்டு பாஸ்போர்ட்டையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள், இரண்டும் ஒரே நீலம், வாங்கினாள், வண்டி வெளியே வந்தது, வந்ததும் இரண்டு பக்கமும் தண்ணீர். "பாலம்ப்பா" என்றாள். இதுதான் பாலமா. கொள்ளிடம் பாலம் மாதிரி உயரமாகத் தூண் வைத்து இருக்கும் என்று நினைத்திருந்தார், இது தண்ணீரை ஒட்டிக் கல்லையும் மண்ணையும் கொட்டிப் போட்ட ரோடு, ஓரத்தில் ஆள் உயரத் தண்ணீர்க் குழாய்கள் கூடவே வந்தன, ஒரு நாட்டின் தாகத்துக்கு இன்னொரு நாடு தண்ணீர் கொடுக்கிறதாம், எதிரே ஜோகூரின் கட்டடங்கள் வெயிலில் நின்றன. கொள்ளிடத்தின்மேல் தினம் நாலு நடை போயிருக்கிறார், பாலத்தில் ஏறினதும் எஞ்சின் சத்தமே மாறும், தூங்குகிறவர்கள்கூட எழுந்து ஆற்றைப் பார்ப்பார்கள், அவருக்கு அது பிடிக்கும், ஐம்பது பேரைச் சுமந்துகொண்டு ஒரு ஆற்றைத் தாண்டுகிறோம் என்கிற மிதப்பு. இப்போது அவரைச் சுமந்துகொண்டு அவர் பெண் ஒரு கடலைத் தாண்டுகிறாள். அழுகை வந்தது. வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு துடைத்தார், அவள் அவர் பக்கத்து வெயில்மறைப்பைக் கீழே இறக்கிவிட்டாள். பாலம் ஒரு கிலோமீட்டர்தான். முடிந்துவிட்டது. அவர் சொல்லவில்லை.

மலேசியச் சாவடி உயரமான கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வரிசையாக இருந்தது. அவர்கள் முறை வந்தபோது கூண்டுக்குள் முக்காடு போட்ட ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தாள். தையலின் பாஸ்போர்ட்டையும் இங்கேயே தங்கிவிட்டவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு அட்டையையும் பார்த்துத் தலையை ஆட்டினாள், அவருடையதைப் பார்த்து விரலை நீட்டிக் காட்டினாள். திருஞானம் இறங்கிச் சுற்றி வந்து கண்ணாடிச் சில்லின்மேல் விரலை வைத்தார், விளக்கு எரிந்தது. சிவப்பு. துடைத்து வைத்தார். சிவப்பு. அதிகாரி ஏதோ சொன்னாள், சத்தமாக இல்லை, ஆனாலும் அவருக்குப் பகீரென்றது, இங்கே தனி மேசை இருக்குமா, திருப்பி அனுப்பிவிடுவார்களா, வாசலுக்கு வந்துவிட்டு உள்ளே விடாமல் போய்விடுவார்களா, பின்னால் கார்கள் நிற்கின்றன. இன்னொரு விரல். சிவப்பு. "இருங்கப்பா" என்று தையல் இறங்கினாள். அவர் ஆள்காட்டி விரல் இரண்டையும் பிடித்து, பாவம் அவர் தலையில் தேய்க்க முடி ஏது, எண்ணெய் ஏது, தன் தலையில், வகிட்டை ஒட்டி, நாலு தேய் தேய்த்தாள், தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. ரேஷன் கடை வைத்தியம். தேய்த்துக்கொண்டே அதிகாரியிடம் மலாயில் பேசினாள், வேகமாக, சிரித்துக்கொண்டு, பயப்படாமல், கெஞ்சாமல், அதில் அவருக்குப் புரிந்தது ஒரே வார்த்தை, பஸ். பஸ் என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் காற்றில் அகலமாக விரித்துப் பெரிய ஸ்டீயரிங் ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். அப்பா பஸ் டிரைவர் என்று சொல்கிறாள். ஒரு நாட்டின் வாசலில் நின்றுகொண்டு, சீருடை போட்ட அதிகாரியிடம், ஏதோ கலெக்டர் என்று சொல்கிற மாதிரி சொல்கிறாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள், எழுந்து எட்டி அவர் விரல் நுனியைப் பார்த்தாள், மரியாதையாகத் தலையை ஆட்டினாள்.

அவர் அதையெல்லாம் பார்த்தார், ஆனால் பார்த்தது அதை இல்லை. விரல் தேய்க்கத் தோதாகத் தையல் தன் முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தாள். விரித்த இரண்டு கையும் அவர் கண்ணுக்கு நேரே இருந்தன. இடது கை அவள் அம்மாவின் நிறம். வலது கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, கறுத்திருந்தது. வெந்து, தோல் தடித்து, அவர் கை மாதிரியே. ஆபீசில் உட்காருகிறவளுக்கு ஒரு கை மட்டும் கறுக்காது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், தினம், ஜன்னலோரம், காலை வெயிலும் மத்தியான வெயிலும் ஏறினால்தான் இந்த நிறம் வரும். அப்போது கீழே இறங்கின கண்ணாடி நினைவுக்கு வந்தது. அசைந்த உதடு நினைவுக்கு வந்தது. வண்டி எடுப்பதற்கு முன்னால் அந்த ஒரு மூச்சு நேரம். எல்லாம் சேர்ந்து ஒரே சமயத்தில் நெஞ்சில் வந்து மோதியது, அடப்பாவி, தப்பு என்று நினைத்தேனே, கண்ணாடியைப் பின் சீட்டுக்குத் திருப்பி வைப்பது பிள்ளைகளை எண்ணுவதற்கு. "இப்ப வைங்கப்பா" என்றாள். வைத்தார். பச்சை. இன்னொரு விரலும் பச்சை. முத்திரை விழுந்தது.

வண்டியில் ஏறினார்கள். சாவடியைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி, எல்லா வரிசையும் ஒன்று சேருகிற இடத்தில் ஓரமாக நிறுத்தி, தையல் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள், பெல்ட்டைப் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள்.

"எத்தன பிள்ளைங்க தையலு?" என்று கேட்டார் திருஞானம்.

அவள் எந்தப் பிள்ளைகள் என்று கேட்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "காலையில பதினாலு. மத்தியானம் பதினொண்ணு" என்றாள். "அவரு வேன்தான்ப்பா. விக்க மனசு வரல. லைசென்சு எடுத்தேன், மொதத் தடவையே குடுத்துட்டாங்க. அமுதினியும் அதுலதான் ஸ்கூலுக்கு வருது, முன்சீட்டுல உக்காந்து பேரு கூப்பிடும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..." பதினாலு வயசில் கூடையை வாங்கிக்கொண்டு போனபோது இருந்த அதே முகம். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, முத்துக்குமரன்தான், வேறு யார், திருஞானம் எடுக்கவில்லை. பட்டம்மாள் சொல்லிக் கொடுத்த வரி நாக்கின் அடியில் அப்படியே இருந்தது, பதினைந்து நாள் பாடம், எழுத்துப் பிசகாமல். வாசல்படி மிதிக்க விடமாட்டாள்தான். அவளையும் ஒரு நாள் இந்தக் காரில் கூட்டி வந்து உட்கார வைத்துவிட வேண்டியதுதான், வேறு வழி இல்லை, அவளுக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வண்டி எடுக்கணும்?"

"அஞ்சே முக்காலுக்கு."

"என்னையும் ஏத்திக்க. பின் சீட்டுல உக்காந்துக்கிறேன். பேச மாட்டேன்."

தையல் மூக்கை உறிஞ்சினாள். பின்னால் இடம் கேட்டு ஒரு கார் மெல்ல ஹாரன் அடித்தது, அன்றைக்கு அவர் கேட்ட முதல் ஹாரன். அவள் கிளட்சை மிதித்துக் கையைக் கியரின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள், கண் கண்ணாடியில் இல்லை, அவர்மேல் இருந்தது. என்னத்துக்குக் காத்திருக்கிறாள் என்று அவருக்கு ஒரு நொடி விளங்கவில்லை, பிறகு விளங்கியது. ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு விசில் அடித்தால் எடுக்க வேண்டும், முப்பத்தோரு வருஷம் அவர் அப்படித்தான் ஓட்டினார், அடித்ததெல்லாம் கண்டக்டர்கள், அவர் ஒரு தடவையும் அடித்ததில்லை. உதட்டைக் குவித்தார். முதலில் காற்றுத்தான் வந்தது, வாய் உலர்ந்து கிடந்தது. எச்சிலைக் கூட்டி நனைத்துக்கொண்டு, சின்னதாக, இரண்டு விசில் அடித்தார்.

தையல் முதல் கியரைப் போட்டாள்.